எஞ்சின் பெட்டியைக் கழற்றித் திரும்ப மாட்டியது: ஒரு 26 அடிப் பாய்மரப் படகில்

நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் எஞ்சின் ஏற மறுத்தது. திராட்டிலை (வேகக் கைப்பிடியை) முழுதாகத் தள்ளினால் வேகம் கூடவில்லை, புகைதான் கறுத்தது. இப்படி ஆனால் புரொப்பெல்லரில் கொட்டலசு (ஓடுள்ள சிறு கடலுயிர்) ஒட்டியிருக்கும் என்று நினைப்பதுதான் வழக்கம். இங்கே அது சுத்தமாக இருந்தது. ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. உள்ளே மஞ்சளும் பழுப்புமாகப் பொடி. எஞ்சின் பெட்டியின் உட்புறம் சத்தத்தை அடக்க ஒட்டியிருந்த பழைய ஃபோம் பழைய ரஸ்க் மாதிரி உதிர்ந்து, எஞ்சின் இழுக்கும் காற்றோடு ஃபில்டருக்குப் போயிருக்கிறது. மிச்சம் பில்ஜில், அதாவது தண்ணீர் தேங்கும் படகின் அடிக்குழியில், விழுந்து பம்பின் வடிகட்டியை அடைத்திருந்தது. பாலியூரித்தேன் ஃபோமுக்கு ஈரமும் சூடும் சேர்ந்தால் இந்தக் கதிதான். அதன் பிணைப்புகள் நீராலேயே அறுந்து, தொட்டாலே கொட்டும்.

படகு வெஸ்டர்லி சென்டார். லாரன்ட் கைல்ஸ் வடிவமைப்பு, 1969 முதல் 1980 வரை இங்கிலாந்தில் கட்டப்பட்ட வகை, இரட்டைக் கீல் (படகின் அடியில் துருத்தி நிற்கும் கனமான பலகை). நிற்கும் இடம் சிச்செஸ்டர் துறைமுகத்தில், கடல் இறங்கும்போது வற்றும் சேறு. வற்றத்தில் படகு இரண்டு கீல்களிலும் நேராக உட்கார்ந்துகொள்ளும். மர வேலைக்கு இது பெரிய வசதி: ரசமட்டம் வைத்து அளக்கலாம், எப்பாக்சிப் பிசின் ஊற்றினால் ஒரு பக்கம் ஓடாது. ஆனால் அப்போது எஞ்சினை ஓட்ட முடியாது, குளிர்விக்க இழுக்கும் கடல்நீர் இருக்காது. சோதனை ஓட்டமெல்லாம் ஏற்றத்துக்காகக் காத்திருக்க வேண்டும்.

பழைய வோல்வோ பென்டா எஞ்சினுக்குப் பதிலாக யான்மார் 2ஜிஎம்20எஃப் மாட்டப்பட்ட படகு இது. இரண்டு சிலிண்டர், 0.636 லிட்டர், நன்னீர்க் குளிர்விப்பு (அந்த நன்னீரைக் கடல்நீர் ஆற்றும்), உச்ச வேகம் 3,600 சுற்று. சென்டாரின் உள்ளமைப்பு படகுக்குப் படகு மாறும். இதில் பெட்டி நான்கு முகம் கொண்டது. முன்பலகையே கேபினுக்கு இறங்கும் படிக்கட்டு, 600 மி.மீ. அகலம், 650 உயரம். இரண்டு பக்கப் பலகைகள் 700க்கு 550. இடப்பக்கம் காக்பிட் (படகை ஓட்டும் திறந்த தளம்) லாக்கருக்குள் திறக்கும், வலப்பக்கம் ஓர் அலமாரிக்குள். மேலே காக்பிட் தரையின் அடிப்புறம், அது படகோடு சேர்ந்தது, கழற்ற முடியாது. மொத்தப் பரப்பு சுமார் 1.6 சதுர மீட்டர்.

கழற்றுவதற்கு முன்

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். இரண்டு பேட்டரிகளின் ஐசொலேட்டரையும் (மின் துண்டிப்பானையும்) அணைத்து, கேஸ் சிலிண்டரையும் மூடி, கடல்நீர் வால்வை அடைத்து, எஞ்சின் சாவியை அந்த வால்வின் பிடியிலேயே தொங்கவிடுவது நல்லது. சாவியை எடுக்க வருகிறவர் வால்வைத் திறக்க மறக்க மாட்டார்.

அடுத்தது அளவு. பழைய ஃபோம் எவ்வளவு தடிமனோ அதே தடிமனில் புதிதாக வாங்கலாம் என்று நினைக்கக் கூடாது. பழையது பாதி உதிர்ந்து, மீதி அமுங்கிப் போயிருக்கும். எஞ்சினுக்கும் பலகைக்கும் நடுவே உண்மையில் எவ்வளவு இடம் என்று பார்க்க வேண்டும். குழந்தைகள் விளையாடும் களிமண்ணைப் பெரிய உருண்டைகளாக உருட்டி, எஞ்சினில் பிதுங்கி நிற்கும் இடங்களில் வைத்தோம்: ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்வது), ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட் எல்போ (கடல்நீர் புகையோடு கலக்கும் புகைக்குழாய் வளைவு), நன்னீர் மூடி. பெட்டியை மூடித் திறந்தால் உருண்டை அமுங்கிய தடிமனே இடைவெளி. பழைய ஃபோமைப் பிய்த்த பிறகு வெறும் பலகையோடு இதே அளவை மறுபடி எடுத்தோம். ஆல்டர்னேட்டர் பக்கம் 41 மி.மீ., எல்போ பக்கம் 60, மற்ற எல்லா இடமும் 70க்கு மேல்.

இதில் 25 மி.மீ. எஞ்சினுக்குச் சொந்தம். அது ரப்பர் மவுண்டில் நிற்கிறது. கிளம்பும்போதும் அணையும்போதும் இரண்டு சிலிண்டர் எஞ்சின் நன்றாகவே குலுங்கும், பக்கவாட்டில் 10 முதல் 15 மி.மீ. வரை ஆடும். இழைப்பு (பலகையின் உட்புற ஃபோம் அடுக்கு) ஒட்டிய பிறகு 25 மி.மீ. மிஞ்சாவிட்டால் எங்காவது ஓரிடம் பலகையைத் தொடும். தொட்டால் அதிர்வு நேராகப் பலகைக்கு ஏறி, பெட்டி முழுவதும் ஒலிபெருக்கியாகிவிடும். தடிமன் என்னவாக இருந்தாலும் பயனில்லை.

கழற்றல்

முன்பலகையில் இரண்டு கொக்கிகள்தான். தூக்கினால் வந்துவிடும், ஆனால் கனம் 13 கிலோ. உள்ளே ஃபோமுக்கு நடுவில் ஈயத் தகடு இருந்ததுதான் காரணம். வலப்பக்கப் பலகையின் ஸ்க்ரூக்கள் தேக்கு முளைகளுக்குள் ஒளிந்திருந்தன. முளையை உளியால் கிளறினால் சுற்றிலும் மரம் சிதறும். முளையின் நடுவில் 3 மி.மீ. துளை போட்டு, அதில் ஒரு மர ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டே போனால், அதன் முனை உள்ளே இருக்கும் ஸ்க்ரூவின் தலையில் முட்டும். பிறகும் முறுக்கினால் முளை தானாக மேலே ஏறி வந்துவிடும். முளை உடையும், குழி உடையாது.

சிக்கல் பித்தளை ஸ்க்ரூக்களில். பல வருட உப்பில் துத்தநாகம் கரைந்து போய் இளஞ்சிவப்பு நிறத்தில் செம்பு மட்டும் மிஞ்சியிருந்தது. திருப்புளி வைத்ததும் தலை கழன்றது. எஞ்சிய தண்டை எடுக்க, 8 மி.மீ. எஃகுக் குழாய்த் துண்டின் முனையில் அரத்தால் நான்கு பல் வெட்டி, டிரில்லில் மாட்டி, தண்டைச் சுற்றி மரத்தைத் துளைத்து எடுத்தோம். அந்தக் குழியை 10 மி.மீ. ஆக்கி, மர முளையை எப்பாக்சியில் அடித்துவிட்டால் புதிய ஸ்க்ரூவுக்குப் புது மரம் கிடைக்கும். பழைய குழிக்குள் தீக்குச்சி வைத்துச் சமாளிப்பது வீட்டுக் கதவுக்குப் போதும், மிதித்து ஏறும் படிக்குப் போதாது.

இடப்பக்கப் பலகை பிடிக்கக் காரணம் அதில் திருகியிருந்த மற்ற சாமான்கள்: டீசல் ஃபில்டருக்குப் போகும் ஹோஸின் கிளிப், பில்ஜ் பம்ப் ஸ்விட்ச்சின் ஒயர், ஆல்டர்னேட்டர் கேபிளின் கட்டு. கழற்ற வேண்டிய பலகையில் எரிபொருள் ஹோஸையும் மின்கம்பியையும் திருகுவது மிக மோசமான பழக்கம். அவசரத்தில் பலகையை இழுக்கிறவர் ஹோஸையும் சேர்த்து இழுப்பார். இவை எல்லாவற்றையும் எஞ்சின் தாங்கும் கட்டைக்கும் பின்சுவருக்கும் மாற்றினோம். இந்த மாற்றத்துக்கே பாதி நாள் போய்விடும், ஆனால் இனி பலகை வெறும் பலகை. லாக்கரின் வாய் 400 மி.மீ.தான், 550 உயரப் பலகையைச் சாய்த்துத் திருப்பித்தான் வெளியே எடுக்க முடிந்தது. புதுப் பலகையும் தடித்த இழைப்போடு இதே வழியில் உள்ளே போக வேண்டும் என்பதை அப்போதே ஒரு அட்டையை வெட்டிப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய இழைப்பைச் சுரண்டுவது

இதில் கை வைப்பதற்கு முன் ஒரு கேள்வி. அது ஃபோம்தானா? 1970களின் படகுகளில் எக்ஸாஸ்ட் அருகே சாம்பல் நிறக் கெட்டி அட்டையோ நெய்த துணியோ இருந்தால், ஆஸ்பெஸ்டாஸ் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் நீல, பழுப்பு வகைகளுக்குத் தடை 1985இல், வெள்ளைக்கு 1999இல்தான். சந்தேகம் இருந்தால் சுரண்டாமல், ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பி முடிவு வரும்வரை காத்திருப்பதே சரி. இந்தப் படகில் ஃபோமும் ஈயமும் மட்டுமே இருந்தன.

பலகைகளைக் கரைக்குக் கொண்டுபோய், தண்ணீர் தெளித்து நனைத்து, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்தோம். நனைத்தால் தூசி பறக்காது. நுண்தூசி தடுக்கும் எஃப்எஃப்பி3 முகமூடி, நைட்ரைல் கையுறை. ஈயத்தை உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. சுருட்டிப் பழைய உலோகக் கடையில் கொடுத்துவிடலாம். ஹாட் கன் வைத்துப் பசையை இளக்கும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். சூடேறிக் கருகும் பாலியூரித்தேனிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு உட்பட நச்சு வாயுக்கள் வரும். பெட்ரோலும் தின்னரும் படகுக்குள் வேண்டவே வேண்டாம். காக்பிட் தரையின் அடிப்புறம் மட்டும் படகிலேயே சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அங்கே ஆரஞ்சுத் தோல் எண்ணெய் கலந்த பசைநீக்கியைத் தடவி, 20 நிமிடம் ஊறவிட்டு, சுரண்டி, சோப்புத் தண்ணீரில் துடைத்தோம். தலைக்கு மேல் கை தூக்கி, எஞ்சின் மேல் படுத்தபடி செய்ய வேண்டிய வேலை. எஞ்சினைப் பிளாஸ்டிக் தாளால் போர்த்தி, ஏர் ஃபில்டர் வாயைத் துணியால் கட்டிவிட வேண்டும்.

எஞ்சின் வெளியே தெரியும்போது

நாலு பக்கமும் திறந்து கிடக்கும் வாய்ப்பு அடிக்கடி வராது. இம்பெல்லர் (கடல்நீர் பம்பின் ரப்பர்ச் சக்கரம்) மாற்றம், பெல்ட் இழுவை (விரலால் 10 கிலோ அளவுக்கு அழுத்தினால் 10 மி.மீ. உள்வாங்க வேண்டும்), ஹோஸ் கிளிப்புகள், மவுண்ட் நட்டுகள் எல்லாம் பார்த்தாயிற்று. எக்ஸாஸ்ட் எல்போவைக் கண்டிப்பாகக் கழற்றிப் பாருங்கள். இந்த ஜிஎம் வரிசை எஞ்சின்களில் உப்பும் கரியும் சேர்ந்து அடைக்கும் இடம் அதுதான். இங்கே துவாரம் மூன்றில் ஒரு பங்கு சுருங்கியிருந்தது. கறுப்புப் புகையில் இதற்கும் கொஞ்சம் பங்கு உண்டு. எஞ்சினுக்கு அடியில் எண்ணெயைக் கழுவி, வெளிர்சாம்பல் பில்ஜ் பெயின்ட் இரண்டு கோட். இருண்ட பில்ஜில் கசிவு தெரியாது, வெளிர் நிறத்தில் ஒரு சொட்டு டீசலும் தெரியும்.

பலகைகள்

முன்பலகையின் அடிப்பாகம் 60 மி.மீ. உயரத்துக்கு அடுக்கு பிரிந்திருந்தது. பில்ஜ் தண்ணீர் அடிக்கும் உயரம் அது. வெட்டி ஒட்டுப்போடுவதென்றால் 12 மி.மீ. பிளைவுட்டுக்கு எட்டு மடங்கு, அதாவது 96 மி.மீ. சரிவு சீவ வேண்டும். அந்த உழைப்புக்குப் புதுப் பலகையே மேல். பிஎஸ் 1088 தர மரைன் பிளைவுட், 12 மி.மீ., பழையதை வைத்து வரைந்து வெட்டியது. பழைய பலகையை வைத்து வரைந்தாலும் சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் அது வருடக்கணக்கில் உப்பியும் தேய்ந்தும் இருக்கும். பொருத்தும் இடத்தில் 40 மி.மீ. அகல மெல்லிய பிளைவுட் பட்டைகளைச் சூட்டுப் பசைத் துப்பாக்கியால் சட்டம்போல ஒட்டி எடுத்து அளவு பார்த்ததில், திறப்பு சதுரமாகவே இல்லை, மேலைவிடக் கீழே 7 மி.மீ. அதிகம் என்று தெரிந்தது.

விளிம்புகளுக்கு எப்பாக்சி மூன்று கோட், முகங்களுக்கு இரண்டு. பிளைவுட் தண்ணீர் குடிப்பது விளிம்பு வழியாகத்தான். ஸ்க்ரூத் துளைகளையும் எப்பாக்சியால் நனைத்துவிட்டுத்தான் திருக வேண்டும். புதுப் பலகையின் அடி பில்ஜ் விளிம்பிலிருந்து 15 மி.மீ. உயரமாக நிற்கிறது. அந்த இடைவெளியை ரப்பர் பட்டை மூடுகிறது.

இழைப்பு

தேர்ந்தெடுத்தது 32 மி.மீ. அடுக்கு: ஃபோம், நடுவில் சதுர மீட்டருக்கு 5 கிலோ எடையுள்ள கனமான வினைல் தாள், மறுபடி ஃபோம், எஞ்சினைப் பார்த்த முகத்தில் அலுமினியத் தாள். ஃபோம் மட்டும் ஒட்டினால் கீச்சொலி குறையும், அடித்தொண்டை உறுமல் குறையாது. உறுமலைத் தடுப்பது எடை. பழையவர்கள் ஈயம் வைத்ததும் அதற்குத்தான். வாங்கும்போது ஒன்றைக் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். சிறு படகுகளின் தீப்பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 9094 தரம், எஞ்சின் அறை இழைப்பின் முகம் எரிபொருளை உறிஞ்சக் கூடாது, ஐ.எஸ்.ஓ. 4589-3 முறையில் 60 டிகிரியில் ஆக்சிஜன் குறியீடு 21க்குக் குறையக் கூடாது என்கிறது. வீட்டு ஸ்டுடியோவுக்கு விற்கும் முட்டைத்தட்டு ஃபோம் விலை குறைவுதான், எஞ்சின் பெட்டிக்குள் அது தீக்கு விறகு.

வெட்டுவதற்கு நீளமான ரொட்டிக் கத்தியும் இரும்பு ஸ்கேலும். நடுத் தாளை மட்டும் பிளேடு கத்தியால் தனியாக அறுக்க வேண்டும், ரொட்டிக் கத்தி அங்கே வழுக்கும். ஒவ்வொரு துண்டும் அளவைவிட 2 மி.மீ. கூடுதலாக வெட்டினால் மூட்டுகள் அமுங்கி இறுகும். வெட்டிய விளிம்புகள் எல்லாவற்றிலும் 50 மி.மீ. அலுமினிய டேப். இதை அழகுக்காக என்று நினைத்துச் சிலர் விட்டுவிடுகிறார்கள். திறந்த விளிம்பு வழியாகத்தான் எண்ணெயும் டீசலும் ஃபோமுக்குள் ஊறும்.

ஆல்டர்னேட்டர் எதிரே 41 மி.மீ. தான் இருந்தது. அங்கே 32ஐ ஒட்டினால் 9 மிஞ்சும். 200க்கு 160 மி.மீ. அளவு ஒரு சன்னல் வெட்டி, கனத் தாளும் 6 மி.மீ. ஃபோமும் சேர்ந்த 10 மி.மீ. துண்டு வைத்ததில் 31 மி.மீ. கிடைத்தது. எல்போவில் தண்ணீர் கலப்பதற்கு முந்தைய பகுதி கடும் சூடு. அதன் எதிரே ஃபோம் வேண்டாம். ஃபோமை வெட்டி எடுத்து, 10 மி.மீ. ஸ்பேசர் மேல் ஒரு ஸ்டெயின்லெஸ் தகடு நிறுத்தினோம். தகட்டுக்குப் பின்னால் காற்று ஓட வேண்டும்.

ஒட்டுவதில்தான் அதிகம் கற்க வேண்டியிருந்தது. தாளின் பின்புறத்திலேயே பசை உண்டு. அதை மட்டும் நம்பி மேல்பக்கத் துண்டை ஒட்டியபோது, நன்றாகப் பிடித்தது போலத்தான் இருந்தது. எஞ்சினை ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடேற்றிய பிறகு மூலை தொங்க ஆரம்பித்தது. தொங்கும் துண்டு பெல்ட்டில் சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். பிய்த்துவிட்டு, 120 நம்பர் உப்புத்தாளால் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, இரு பக்கமும் கான்டாக்ட் பசை தடவி, தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு அழுத்தினோம். அதோடு பலகைகளில் 250 மி.மீ.க்கு ஒன்றாக 30 மி.மீ. வாஷரும் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவும். ஸ்க்ரூ நீளத்தைக் கணக்குப் போட்டே எடுக்க வேண்டும். 32 மி.மீ. ஃபோம் வாஷருக்கு அடியில் 30 ஆகும். 40 மி.மீ. ஸ்க்ரூ என்றால் 12 மி.மீ. பலகைக்குள் 10 போகும், வெளியே முனை வராது. வாஷர் ஃபோமைப் பள்ளமாக்கும் அளவுக்கு முறுக்கினால் அலுமினியத் தாள் கிழியும்.

காக்பிட் தரைக்குள் ஸ்க்ரூ போடக் கூடாது, மழை உள்ளே வரும். அடிப்புறத்தில் 20க்கு 20 மி.மீ. ரீப்பர்களை எப்பாக்சிப் பட்டி வைத்து ஒட்டி, காய்ந்தபின் அந்த ரீப்பரில் அலுமினியப் பட்டைகளைத் திருகித் துண்டைத் தாங்கவிட்டோம். பசை முழுதாக விட்டுப்போனாலும் துண்டு கீழே விழாது.

இடுக்கு

இந்த வேலையில் ஒலியைக் குறைத்ததில் பெரும்பங்கு ஃபோமுக்கு இல்லை, இடுக்கை அடைத்ததற்குத்தான். கணக்கு எளிது. ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதிச் சுவர் எவ்வளவு கனமானாலும் ஒலி 20 டெசிபெல்லுக்கு மேல் குறையாது. இந்தப் பெட்டிக்கு நூற்றில் ஒன்று என்பது சுமார் 160 சதுர செ.மீ. பழைய முன்பலகையைச் சுற்றி 5 மி.மீ. இடுக்கு இருந்தது. சுற்றளவு 2.5 மீட்டர். பெருக்கினால் 125 சதுர செ.மீ., முன்பலகை ஒன்றிலேயே. ஈயத்தை எவ்வளவு அடுக்கினாலும் இந்த வாய் வழியாகச் சத்தம் கேபினுக்கு வந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

இரவில் பெட்டிக்குள் ஒரு டார்ச்சை எரியவிட்டு மூடி, கேபின் விளக்குகளை அணைத்துப் பார்த்தோம். வெளிச்சம் எட்டிப் பார்க்கும் இடமெல்லாம் சத்தம் வரும் இடம். பலகை உட்காரும் ரீப்பர்களில் டி வடிவ இபிடிஎம் ரப்பர் பட்டை, 9 மி.மீ. உயரம், மூடும்போது 5 ஆக அமுங்கும்படி. அதிகம் அமுங்கினால் பலகை மூடாது, குறைவாக அமுங்கினால் சில மாதத்தில் தளர்ந்துவிடும். ஒயர்களும் ஹோஸ்களும் பெட்டியைக் கடக்கும் துளைகளுக்கு ரப்பர் வளையமும், மிஞ்சிய இடத்தில் ஃபோம் துண்டும்.

ஆனால் காற்று வேண்டுமே

இப்படி இறுக்கமாக அடைத்ததும் புது வம்பு வந்தது. எஞ்சின் ஓடும்போது முன்பலகையை இழுத்தால் வர மறுத்தது. உள்ளே காற்றழுத்தம் குறைந்திருக்கிறது. 0.636 லிட்டர் எஞ்சின் 3,600 சுற்றில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவை இழுக்கும், அதாவது நிமிடத்துக்குச் சுமார் 1,145 லிட்டர், வினாடிக்கு 19. பழைய பெட்டியில் அந்தக் காற்று இடுக்கு வழியாகவே வந்துகொண்டிருந்தது. இடுக்கை அடைத்தவர் வேறு வழி திறந்துவிட வேண்டும்.

அளக்க ஒரு கருவி செய்துகொள்ளலாம்: கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் குழாயை யூ வடிவில் வளைத்து, பாதிவரை தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைப் பெட்டிக்குள் விட்டால் போதும். 3,000 சுற்றில் நீர்மட்ட வித்தியாசம் 14 மி.மீ. காட்டியது. லாக்கர் பக்கமிருந்து பெட்டியின் அடிப்பாகத்துக்கு 100 மி.மீ. குழாய் ஒன்றை உள்வழியாகவும், எதிர்மூலையில் மேலே 75 மி.மீ. குழாயை வெளிவழியாகவும் போட்டு, படகில் முன்பே இருந்த ஊதியை (காற்றை வெளியே தள்ளும் மின்விசிறியை) வெளிவழியில் மாட்டியதும் அது 3 மி.மீ. ஆனது. ஊதி இல்லாமல் விட்டால் வெளிவழியும் உள்ளிழுக்கும் வழியாகிவிடும். சூடு மேலேயே தங்கும். உள்குழாயில் ஒரு வளைவு வைத்து, அந்த வளைவின் உட்புறமும் ஃபோம் இழைத்தால் சத்தம் நேராக வெளியே ஓடாது.

வெளியே 19 டிகிரி இருந்த நாளில், 2,800 சுற்றில் 20 நிமிடம் ஓட்டியபின் பெட்டிக்குள் காற்று: குழாய்க்கு முன் 64 டிகிரி, பின் 51. ஆல்டர்னேட்டருக்கு இது பெரிய நிம்மதி. சூடான ஆல்டர்னேட்டர் குறைவாகத்தான் சார்ஜ் செய்யும். எஞ்சினை அணைத்த பிறகும் ஊதியைப் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும், அணைத்த உடனேதான் பெட்டி அதிகம் சூடாகும்.

பெட்டியை மூடுமுன் எக்ஸாஸ்ட் மூட்டுகளில் கரிக்கோடு ஏதும் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். கேபினில் படகுகளுக்கான இஎன் 50291-2 தரக் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம்.

திரும்ப மாட்டல்

வரிசை: மேல்பக்கம், வலம், இடம், கடைசியில் படிக்கட்டு. பக்கப் பலகைகளுக்கு மர ஸ்க்ரூ வேண்டாம். ஐந்தாறு முறை கழற்றினால் மரம் பிடிப்பு இழக்கும். ரீப்பரில் எம்5 திருகு உறைகளை எப்பாக்சியில் பதித்து, கைப்பிடித் திருகுகள் போட்டோம். கருவி எதுவும் இல்லாமல் கழலும்.

ரப்பர் பட்டை வந்ததும் பழைய கொக்கிகள் எட்டவில்லை. அவை எட்டியிருந்தாலும் மாற்றியிருப்போம். படகு அலையில் பலமாகச் சாய்ந்தால் கொக்கி தானே விடுபட்டு, படிக்கட்டு கேபினுக்குள் பறக்கும். நீளம் சரிசெய்யக்கூடிய இழுத்துப் பூட்டும் லாட்ச்கள், பக்கத்துக்கு இரண்டு. லாட்ச் பலகையை ரப்பரோடு அழுத்த மட்டுமே. ஆள் மிதிக்கும் பாரத்தை அடியில் ஒட்டிய இரோகோ மரக்கட்டைகள்தான் தாங்க வேண்டும். லாட்ச் திறந்த நிலையில் படியில் ஏறி நின்று பார்த்தால் கட்டை உட்கார்ந்திருக்கிறதா என்று தெரியும்.

முன்பலகையில் 25 மி.மீ. துளை, ஸ்பிரிங் மூடியோடு. தீயணைப்பானின் மூக்கை நுழைக்க. தீப்பிடித்த பெட்டியைத் திறந்தால் காற்று கொடுத்தது போல. எஞ்சினை முதலில் நிறுத்த வேண்டும், ஓடும் எஞ்சின் அணைப்பு வாயுவை உறிஞ்சி வெளியே தள்ளிவிடும். இதைத் துளைக்கு மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம்.

கடைசிச் சோதனை சுண்ணக்கட்டி. எஞ்சினின் பிதுங்கிய இடங்களில் தடித்துத் தேய்த்து, மூடி, கிளப்பி, கியர் முன்னும் பின்னும் போட்டு, அணைத்துத் திறந்து பார்த்தோம். ஏர் ஃபில்டர் மூடியின் கிளிப் இருந்த இடத்தில் அலுமினியத் தாளில் வெள்ளைக் கோடு. களிமண் உருண்டை வைக்காமல் விட்ட ஒரே இடம். அங்கே ஒரு கைப்பிடி அளவு ஃபோமைக் குடைந்து டேப் ஒட்டியதும் சரியாயிற்று.

கேபின் நடுவில் கைபேசிச் செயலி காட்டிய அளவு: 900 சுற்றில் 74 டெசிபெல் இருந்தது 66 ஆனது. 2,200இல் 86 இப்போது 76. கைபேசி துல்லியக் கருவி இல்லை, ஆனால் ஒரே கைபேசி, ஒரே இடம், ஒப்பிடப் போதும். காக்பிட்டில் ஒன்றிரண்டு டெசிபெல்தான் குறைந்தது. அங்கே கேட்பது பெரும்பாலும் எக்ஸாஸ்ட்டும் தரை வழி அதிர்வும். ஏர் ஃபில்டரும் எல்போவும் சுத்தமானதில் எஞ்சின் மறுபடி 3,400 தொடுகிறது.

செலவு: இழைப்பு 140 பவுண்டு, பிளைவுட் 45, எப்பாக்சி 35, குழாய்களும் இணைப்புகளும் 30, லாட்ச்கள் 28, பசை 18, டேப் 14, ரப்பர் பட்டை 12. மொத்தம் 322. இம்பெல்லரும் பெல்ட்டும் தனிக்கணக்கு. டேப்பில் மிச்சம் பிடிக்க வேண்டாம். விலை குறைந்தது 50 டிகிரியிலேயே விளிம்பு சுருண்டுவிடும்.

அடுத்த முறை செய்தால் முகப்பு அலுமினியத்துக்குப் பதில் வெள்ளை நிறம் எடுப்போம், எண்ணெய்த் துளி உடனே தெரியும். முன்பலகையை இரண்டாகப் பிரிப்போம். ஈயம் போனதில் 13 கிலோ ஒன்பதரை ஆகியிருந்தாலும், ஆடும் படகில் டிப்ஸ்டிக் பார்க்க ஒவ்வொரு முறையும் முழுப் படிக்கட்டைத் தூக்குவது தேவையற்றது. மேல் பாதி மட்டும் திறந்தாலே எண்ணெயும் நன்னீர் மூடியும் எட்டும். தண்டு முத்திரைக்கு (புரொப்பெல்லர் தண்டு வழியே தண்ணீர் நுழையாமல் தடுப்பது) கிரீஸ் போட இடப்பக்கப் பலகையின் பின்மூலையில் 150 மி.மீ. வட்ட மூடி ஒன்றும் வேண்டும். அதை ஃபோம் ஒட்டுவதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும், ஒட்டிய பிறகு வெட்டினால் விளிம்பு டேப்பை மறுபடி முதலிலிருந்து செய்ய நேரும். 50 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு வாஷர் ஸ்க்ரூக்களை ஒருமுறை தொட்டுப் பார்த்ததில் மூன்று தளர்ந்திருந்தன, மூன்றும் ஆல்டர்னேட்டர் பக்கம். அங்கே மட்டும் ஸ்க்ரூ இடைவெளியை 150 மி.மீ. ஆக்கியாயிற்று.